கவாத்து மேஸ்திரியின் பூச்செடி

“அம்மா, என் செடி பூக்கலீங்க.”

அய்யாத்துரை மேஸ்திரி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். குளித்து, திருநீறு பூசி, பஞ்சாயத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

தவமணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இலை எப்படி இருக்கு?”

“இலைக்கு என்னங்க குறை? மண்டிக் கிடக்கு. பூதான் இல்ல. ஒண்ணுகூட இல்லீங்கம்மா.”

“காலம் பூரா இலை வேணும்னுதானே செடி வளர்த்தீங்க, மேஸ்திரி?”

“அது தேயிலைங்க.”

“அந்த வித்தியாசம் இந்தச் செடிக்குத் தெரியல போல.”

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குருவிடம் என்ன பதில் பேசுவது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

கோத்தகிரிக்கு மேலே, பேருந்து திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஏறினால் அந்த மடம். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கூடம் நிறைந்துவிடும்.

மடத்தைத் தொடங்கிய பெரியவர் ஒரு வழக்கத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். துறவுக்கான துவராடை கேட்டு யார் வந்தாலும் முதலில் ஒரு செடியைக் கையில் கொடுப்பார்கள். அதை அவரே வளர்க்க வேண்டும். அது பூத்ததும் முதல் பூவைப் பறித்துப் பெரியவர் சமாதியில் வைக்க வேண்டும். அன்றைக்குத்தான் ஆடை. பழைய பெயரும் பழைய உறவும் அன்றோடு போய்விடும்.

செவ்வந்தி கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேஸ்திரிக்குப் பிறகு வந்த ஒரு பேங்க்காரர், வாங்கிய செவ்வந்தி அடுத்த பருவத்திலேயே பூத்து, துவராடை கட்டி, இப்போது மேஸ்திரியைப் பார்த்து ஆசீர்வாதமாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை மேஸ்திரியால் பொறுக்க முடியவில்லை.

மேஸ்திரிக்குக் கிடைத்தது மலை ஹைட்ரேஞ்சியா. நர்சரிக்காரர்கள் சொல்லும் பெயர் அது. அந்தப் பெயர் வாயில் நுழையாமல் மடத்தில் எல்லோரும் மலைக்கொத்து என்பார்கள். குத்துச்செடி. நடுவில் பொடிப்பொடியாகச் சின்னப் பூக்கள், அவற்றைச் சுற்றி நாலு இதழ் விரித்த பெரிய பூக்கள், எல்லாம் சேர்ந்து ஒரு தட்டுப் போலக் கொத்து. வைகாசியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் நிற்கும்.

அவர் வந்த நாளில் அம்மா கேட்டது இவ்வளவுதான்.

“என்ன கொண்டுவந்திருக்கீங்க?”

“ஒண்ணும் இல்லீங்கம்மா. எல்லாத்தையும் வெட்டிட்டு வந்துட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“வீட்டைக் காலி பண்ணியாச்சு. பசுவைக் குடுத்தாச்சு. துணிமணி, பாத்திரம், படம் எல்லாம் குடுத்தாச்சு. மனசுல இருக்கறதுதான் பாக்கி. அதை நீங்கதான் எடுத்துவிடணும்.”

அவருடைய மனைவி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த எஸ்டேட் வீட்டில் ஒவ்வொரு சாமானும் மேஸ்திரிக்கு எதிரியாகிவிட்டது. முறத்தைக் கண்ணில் படாமல் பரணில் போட்டார். கொடியில் கிடந்த சேலையைப் பார்க்க முடியவில்லை. அவள் பெயரைச் சொன்னால் தான் இரண்டாக உடைந்துவிடுவோம் என்று பயந்து, பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. வலி தாங்காமல் ஓடி வந்தவர்.

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வயதில் அம்மா மேஸ்திரியின் மகளுக்கு அக்காவாக இருக்கலாம். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் மேஸ்திரிக்குத் தன் வயது மறந்துபோனது.

பிறகு அம்மா எழுந்துபோய், வேர்மண்ணோடு ஒரு மலைக்கொத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

“இது பூக்கட்டும். துணி தர்றேன்.”

மேஸ்திரி செடியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. செடி வளர்க்கவா அவருக்குச் சொல்லித் தர வேண்டும்?

மேஸ்திரியின் வளர்ப்பில் குறை சொல்ல யாராலும் முடியாது.

காலை வெயில் படுகிற, மத்தியானம் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து நட்டார். இலைச்சருகை மட்க வைத்து அடியில் மெத்தையாகப் போட்டார். தண்ணீர் தேங்காமல் சரிவு எடுத்தார். தாயில்லாப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

முதல் கோடையில் ஒரு நாள் மத்தியானம் இலையெல்லாம் தொங்கிவிட்டது. துணி காயப் போட்ட மாதிரி தொங்கியது. மேஸ்திரி பதறிப்போய்க் குடத்தோடு ஓடினார்.

அம்மா குறுக்கே வந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“மண்ணைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். ஈரமாக இருந்தது.

“ஈரம் இருக்குங்க. ஆனா சாகுதுங்களே!”

“உட்காருங்க.”

இரண்டு பேரும் செடிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்தது. காற்று குளிர்ந்தது. இலை ஒவ்வொன்றாக நிமிர்ந்தது.

மேஸ்திரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

“மத்தியானத்துல யாருக்குத்தான் தலை தொங்காது?” என்றார் அம்மா. குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைக்கு மேஸ்திரிக்கு அழ வேண்டும் போல இருந்தது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காததை அவர் எப்போதும் வேலை செய்துதான் சமாளிப்பார். மண்வெட்டியைத் தேடிப் போனார்.

தை மாதம் வந்தது. உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. மலைக்கொத்து இலையை உதிர்த்துவிட்டு, பழுப்பு நிறக் குச்சிகளாக நின்றது. பார்க்க விளக்குமாற்றைக் கவிழ்த்து நட்டது போல இருந்தது.

மேஸ்திரி பெட்டியைத் திறந்தார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தேன் என்றவர், ஒன்றே ஒன்றைக் கொடுக்காமல் வைத்திருந்தார். கவாத்துக் கத்தி.

கவாத்து என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும். தேயிலைச் செடி கிழடு தட்டினால் இடுப்பு உயரத்துக்குக் கீழே மொட்டையாக வெட்டிவிடுவார்கள். பார்ப்பவர்கள் செடி செத்தது என்பார்கள். ஆனால் ஒரு மழைக்குப் பிறகு தளதளவென்று புதுத் துளிர் வரும். எஸ்டேட்டில் அய்யாத்துரை வெட்டிய வரிசையைத் துரைமார் வந்து பார்த்துவிட்டுப் போனதுண்டு. சாய்வாக, பிசிறு இல்லாமல், ஒரே வீச்சு. அவர் காலத்தில் தோட்டத்தில் ஒரு தேயிலைப் பூ கண்ணில் பட்டால் அது மேஸ்திரிக்கு அவமானம். செடி பூத்திருக்கிறது என்றால் கவனிக்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

அந்தக் கையோடுதான் மலைக்கொத்தின் முன்னால் குந்தினார்.

வெட்டி முடித்தபோது முழங்கால் உயரம்கூட மிஞ்சவில்லை. அம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

“எதுக்கு வெட்டறீங்க, மேஸ்திரி?”

“பழசை எடுத்தாத்தானேங்கம்மா புதுசு வரும்?”

“அப்படியா?” என்றார் அம்மா.

குனிந்து, வெட்டிப் போட்ட குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார்.

“நான் அள்ளிப் போடறேனுங்க. அடுப்புக்குத்தானே?”

“எதுக்காவது ஆகும்.”

தொழுவத்தைத் தாண்டிப் போய்விட்டார். தொழுவத்துக்குப் பின்னால் பெண் துறவிகளின் குடில்கள். ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

மாசி கடைசியில் செடி துளிர்த்தது. பங்குனியில் தழைத்தது. சித்திரையில் எருமை மேய்ந்தாலும் தீராத அளவுக்கு இலை. மேஸ்திரி தினமும் கொத்து தேடினார். வைகாசி போய் ஆனியும் வந்தது. அப்புறம்தான் சமையல்கட்டு வாசலில் போய் நின்று முறையிட்டதும், அம்மா கீரையை விட்டுத் தலை தூக்காததும்.

அதைவிட அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது சுப்பண்ணனின் செடி.

சுப்பண்ணன் மடத்துச் சமையல்காரர். சமையல் பிரமாதம். செடி வளர்ப்பு மகா மட்டம். யாரோ எப்போதோ சமையல்கட்டுச் சுவரோரம் நட்டுவிட்டுப் போன மலைக்கொத்து ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. பொறுப்பு என்று சொல்வதே அதிகம். பாத்திரம் கழுவிய தண்ணீரை அதன் மேல் வீசுவார், அவ்வளவுதான். குச்சி ஒடிந்து கிடக்கும், போன வருஷத்துக் காய்ந்த கொத்து அப்படியே தொங்கும். ஆனால் வைகாசி வந்தால் அது ரோஸ் நிறத்தில் வெட்கம் இல்லாமல் பூத்துக் குலுங்கும்.

“அது என்ன அண்ணே மாயம்?”

“மாயமா? நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லையே மேஸ்திரி.”

“பாத்திரம் கழுவின தண்ணியிலதான் என்னமோ இருக்கு.”

அடுத்த நாளிலிருந்து மேஸ்திரி குழம்புச் சட்டி கழுவிய தண்ணீரைச் சுமந்துபோய்த் தன் செடிக்கு ஊற்றினார். சுப்பண்ணன் வாயைத் திறக்கவில்லை. கவாத்து மேஸ்திரியிடம் போய்க் கத்தியைப் பற்றிப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? மடத்தில் ஒருவருக்கும் வரவில்லை.

அடுத்த தை வந்தது. மேஸ்திரி யோசித்தார். போன தடவை உயரமாக விட்டதுதான் தப்பு என்று முடிவு செய்தார்.

இந்தத் தடவை இன்னும் கீழே வெட்டினார்.

அம்மா வந்தார். குச்சிகளைப் பொறுக்கினார். போனார்.

பங்குனியில் ஒரு நாள் சுகந்தி வந்தாள்.

சுகந்தி மேஸ்திரியின் ஒரே மகள். கட்டிக்கொடுத்தது திருப்பூரில். தன் தாயின் திதிக்குத் திதி சுப்பண்ணனின் போனுக்கு அழைப்பாள். பேச மாட்டேன் என்று மேஸ்திரி தலையை ஆட்டுவார். சுப்பண்ணன், அப்பா தியானத்துல இருக்காரும்மா என்று பொய் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாம்பாரில் உப்பைக் கூட்டிப் போடுவார். அவர் கோபம் அப்படித்தான் வெளிப்படும்.

குழந்தை பிறந்த செய்திக்கும் மேஸ்திரி தலையைத்தான் ஆட்டினார்.

இந்த முறை அவள் போன் செய்யவில்லை. கைக்குழந்தையோடு மலை ஏறி வந்துவிட்டாள். பேருந்து வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது.

கூடத்தில் தகப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தவமணி அம்மா கதவோரம் பூ கட்டிக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட வரலப்பா. பயப்படாதீங்க” என்றாள் சுகந்தி. “ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்.”

மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

“பாப்பா தூங்கறப்போ காதைப் பிடிச்சுக்கிட்டே தூங்கறா. காதைப் பிடிச்சாத்தான் தூக்கமே வருது. நான் அப்படி இல்ல. அவரும் இல்ல. அவங்க வீட்டுலயும் யாரும் இல்ல. அம்மா அப்படித் தூங்குவாங்களாப்பா?”

மேஸ்திரி துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியலப்பா. அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்ல. நான் தூங்கின பொறவு படுப்பாங்க. நான் முழிக்கறதுக்கு முன்னால எந்திரிச்சுக் கொழுந்து பறிக்கக் கிளம்பிடுவாங்க. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

மேஸ்திரியின் கை தானாக மேலே எழுந்தது. காதுப் பக்கம் போன கையைப் பாதி வழியில் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு எதுவும் ஞாபகம் இல்லம்மா” என்றார். “எல்லாத்தையும் விட்டுட்டேன்.”

சுகந்தி அவரையே பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அம்மாவைப் பத்திப் பேச எனக்கு வேற யாருப்பா இருக்கா?”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். தவமணி அம்மா கட்டிய பூவைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டார். சுப்பண்ணன் ஒரு தூக்கில் ரசஞ்சோறு கட்டிக் கொடுத்தார். பேருந்து திருப்பம் வரைக்கும் அவர்தான் கூடப் போனார்.

மேஸ்திரி போகவில்லை. செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே களையே இல்லை.

“அம்மா, இந்த வருஷமும் பூக்கலீங்க.”

ஆனி பிறந்திருந்தது. சாரல் விட்டிருந்த ஒரு காலை. இந்த முறை மேஸ்திரி பஞ்சாயத்துக்கு வந்தவர் மாதிரி நிற்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

“எனக்கு அந்த யோக்கியதை இல்லீங்களா?”

“எதுக்கு?”

“துணிக்கு. நேத்து வந்தவங்க எல்லாம் கட்டிட்டாங்க. நான் என்னங்கம்மா பாவம் பண்ணினேன்? ஒரு குறை வச்சேனா அந்தச் செடிக்கு? சுப்பண்ணன் சட்டி கழுவின தண்ணியக்கூடச் சுமந்தேனே!”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதட்டை மடித்துக்கொண்டார். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“வாங்க” என்று எழுந்தார்.

தொழுவத்தைத் தாண்டி நடந்தார். மேஸ்திரி தொழுவத்தோடு நின்றுவிட்டார்.

“அந்தப் பக்கம் நாங்க வரக் கூடாதுங்களே.”

“இன்னைக்கு வரலாம்.”

தொழுவத்துச் சுவர் திரும்பியதும் மேஸ்திரியின் கால் நின்றது.

குடில்களின் வேலி நெடுகிலும் மலைக்கொத்து. இடுப்பளவுச் செடிகள், ஒழுங்கில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. இலை தெரியாத அளவுக்குப் பூ. அத்தனையும் நீலம். மழைத்துளி கனத்தில் கொத்துகள் குனிந்திருந்தன.

மேஸ்திரி வேலியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார்.

“இது யாரோட செடிங்கம்மா?”

“உங்களோடது.”

“நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லீங்களே. நான் எப்படி வச்சிருக்க முடியும்?”

“நீங்க வைக்கல. வெட்டிப் போட்டீங்க. நான் குத்தி வச்சேன்.”

“அந்தக் குச்சிங்களா? முதல் தையில வெட்டினதா?”

“ஆமா.”

“அது காஞ்ச குச்சியாச்சேங்க!”

அம்மா கண்ணால் வேலியைக் காட்டினார்.

மேஸ்திரி வேலியோரம் குந்தினார். ஒரு கொத்தை ஏந்தி, அதன் காம்பு வழியாக விரலைக் கீழே ஓட்டினார். கொத்துக்கடியில் பச்சைத் தண்டு, சாண் நீளம். அந்தத் தண்டு எங்கே புறப்படுகிறது என்று பார்த்தார். பழுப்புக் குச்சி. போன வருஷத்துக் குச்சி. அடுத்த கொத்தைப் பிடித்தார். அதற்கும் அடியில் பழுப்புக் குச்சி. பக்கத்திலேயே அடிமண்ணிலிருந்து இந்த வருஷம் புதிதாகக் கிளம்பிய தண்டு ஒன்று நின்றது. இலை பெரிது பெரிதாக இருந்தது. உச்சியில் பூ இல்லை.

கவாத்துக் கை அது. அதற்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

பூத்து நின்ற குச்சியை மறுபடி தடவினார். மேலே, கணுவுக்குக் கணு, மொட்டு வெடித்து வந்த தழும்பு இருந்தது. தையில் அவர் கத்தி வைக்கும்போதே அவர் செடியிலும் இதே மொட்டுகள் இருந்திருக்கின்றன. குளிருக்குக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இருந்திருக்கின்றன. அவர் அதைச் செத்த குச்சி என்று நினைத்து, ஒரே வீச்சில், பிசிறு இல்லாமல்...

மேஸ்திரி ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இதை நீங்க வெட்டவே இல்லீங்களா?”

“இல்ல.”

“பனியில என்ன பண்ணினீங்க?”

“சருகு போட்டு மூடினேன். அப்புறம் சும்மா இருந்தேன்.”

சாரல் மறுபடி பிடித்தது. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். மேஸ்திரியின் தலை நனைந்துகொண்டிருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். இத்தனை நாள் வராத அழுகை, சத்தமே இல்லாமல் வந்தது. அம்மா அதைப் பார்க்காதது போல வேலிப்படலைச் சரி செய்தார்.

படலைக் கட்டி முடித்துவிட்டு அம்மா திரும்பினார்.

“உங்க செடி பூத்துடுச்சு, மேஸ்திரி.”

“ஆமாங்க.”

“சொன்ன சொல் சொன்னதுதான். துணி மடிச்சு வச்சிருக்கேன். முதல் பூவைப் பறிச்சுட்டு வாங்க.”

மேஸ்திரியின் கை இடுப்புக்குப் போனது. கத்தி அங்கேதான் செருகியிருந்தது. உருவி எடுத்தார். நல்ல கத்தி. தீட்டித் தீட்டி இளைத்த கத்தி.

நீலக்கொத்தைப் பார்த்தார். அதைத் தாங்கி நிற்கும் பழுப்புக் குச்சியைப் பார்த்தார்.

கத்தியைத் திருப்பி, பிடிப்பக்கமாக அம்மாவிடம் நீட்டினார்.

“பூ செடியிலயே இருக்கட்டுங்கம்மா.”

அம்மா கத்தியை வாங்கிக்கொண்டார்.

“துணி?”

“யாராவது செவ்வந்திக்காரர் வருவாருங்க.”

மேஸ்திரி எழுந்தார். வேட்டியெல்லாம் சேறு. தொழுவத்தைச் சுற்றி, தன் செடியைத் தாண்டி, நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். சுப்பண்ணன் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, உங்க போனைக் குடுங்க.”

“யாருக்கு?”

மேஸ்திரி கையை நீட்டினார். சுப்பண்ணன் ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தார். எதுவும் ஞாபகம் இல்லை என்று சொன்ன மனிதர், யாரிடமும் கேட்காமல், ஒரு இடத்திலும் தயங்காமல், பத்து எண்களையும் அழுத்தினார்.

அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுத்தார்கள்.

“சொல்லுங்க சுப்பண்ணன் மாமா.”

“நான்தாம்மா.”

தையல் மிஷின் ஒன்று ஓடி நின்றது மட்டும் கேட்டது.

“அப்பா?”

“பாப்பா என்ன பண்றா?”

“தூங்கறாப்பா. இப்பத்தான் தூங்கினா.” நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. போய்ப் பாரு. எந்தக் காதைப் பிடிச்சிருக்கா?”

காலடிச் சத்தம் போனது. தொட்டில் கம்பி கிரீச்சிட்டது. சுப்பண்ணன் அடுப்பைத் தணித்தார். வாசலில் அம்மா வந்து நின்றிருந்தார், கையில் கத்தியோடு, நனைந்த தலையோடு.

“இடது காதுப்பா.”

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய இடது கை மேலே எழுந்தது. இந்த முறை பாதி வழியில் நிற்கவில்லை.

“இடதுதான்” என்றார். “பூரணத்துக்கும் இடதுதான்.”